பள்ளத்தில் நட்ட பூவரசங்கிளை எச்சரிக்கைப் பலகை ஆகுமா?

கேள்வி: நாங்கள் தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 46 வயது. இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். தினமும் காலை 5 மணிக்கு சைக்கிளில் பால் சொசைட்டிக்குப் போவார். மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆற்றங்கரைச் சாலையைக் குறுக்கே வெட்டி மதகு வேலை நடந்தது. பலகை இல்லை, விளக்கு இல்லை. ஒரு பூவரசங்கிளையில் சிமெண்டு சாக்கைக் கட்டி ஓரத்தில் நட்டிருந்தார்கள். இருட்டில் தெரியாமல் அம்மா பள்ளத்தில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். 12 நாள் ஆகிறது. "தானாக விழுந்ததற்கு யார் மேல் கேஸ் போடுவது?" என்கிறார்கள் காவல் நிலையத்தில். ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து 15,000 ரூபாய் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்து வேண்டும் என்கிறார். போடலாமா?
– ஒரு வாசகி

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற ஒரு வரி அந்தப் பேப்பரில் நிச்சயம் இருக்கும். பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்தக் கையால் மறுபடி பால் கறக்க முடியுமா என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியும். மருத்துவச் செலவுக்குப் பணம் அவசரமாகத் தேவை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் 'மருத்துவச் செலவுக்கு முன்பணமாக மட்டும் பெற்றுக்கொண்டேன், இழப்பீடு கேட்கும் உரிமை எனக்கு உண்டு' என்று நீங்களே எழுதி, அதில் மட்டும் கையெழுத்திடுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் பணம் வேண்டாம்.

இப்போது அந்தப் பூவரசங்கிளைக்கு வருகிறேன். உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது. 'நாங்கள் அடையாளம் வைத்திருந்தோம்' என்று எதிர்த்தரப்பு சொல்வார்கள். சொல்லட்டும். ஆபத்து இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதற்கு அந்தக் கிளையே சாட்சி. சாலைப் பணி நடக்கும் இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.), ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டியில் வகுத்திருக்கிறது; 2014-இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். பள்ளத்துக்கு வெகு முன்பே எச்சரிக்கைப் பலகை, வண்டிகளைப் படிப்படியாக ஒதுக்கிவிடும் தடுப்பு, இரவில் விளக்கு எல்லாம் அதில் உண்டு.

அதிலும் விளக்கைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். ஒளிரும் பட்டை ஒட்டிய பலகை வைத்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டை தானாக ஒளிராது. எதிரே வரும் வண்டியின் முகப்பு வெளிச்சம் பட்டால்தான் மின்னும். லாரிக்காரருக்கும் காருக்கும் அது தெரியும். விளக்கில்லாத சைக்கிளில் வருபவருக்கு அதுவும் இருட்டுத்தான். பால் கேனோடும் பூக்கூடையோடும் விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்புகிறவர்கள் இந்த டெல்டாவில் எத்தனை பேர்! அவர்களுக்காகத் தானே எரியும் ஒரு சிவப்பு விளக்கு வைக்க என்ன செலவாகிவிடும்? மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் மதகை முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் புரிகிறது. அந்த அவசரத்துக்காக ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறியக் கூடாது.

சரி, காவல் நிலையம். தானாக விழுந்தாலும், பிறர் அலட்சியத்தால் விழுந்தால் அது குற்றம்தான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 116-இன்படி எலும்பு முறிவு கொடுங்காயம். அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பிரிவு 125(பி)-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுவழியில் ஆபத்து உண்டாக்குவது தனியாகப் பிரிவு 285-இல் வருகிறது. புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகார் பெற்றதற்கான ஒப்புகை) வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்போதும் நடவடிக்கை இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ என்ற பிரிவு, சாலைத் தரத்தைப் பின்பற்றாத அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் மட்டும்தான். அபராதமும் அரசு நிதிக்குப் போகும், உங்கள் கைக்கு வராது.

இழப்பீட்டுக்கு எங்கே போவது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். விபத்து என்றதும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு ஓடுகிறார்கள். மோட்டார் வாகனம் எதுவும் சம்பந்தப்படாத உங்கள் அம்மாவின் வழக்கு அங்கே நிற்காது. மாற்று வழி இரண்டு. ஒன்று, சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு. இன்னொன்று, அரசியல் சட்டம் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. இதே பள்ளம் பக்கத்து திருவாரூர் மாவட்டத்தில் இருந்திருந்தால் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். விழுந்த விதத்தையே எதிர்த்தரப்பு மறுத்தால், சாட்சி விசாரிக்க வேண்டும் என்று சொல்லி ரிட் மனுவை சிவில் நீதிமன்றத்துக்குத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. அதனால் என் யோசனை சிவில் வழக்கு.

யார் மேல் போடுவது? ஆற்றங்கரைச் சாலைகளில் இது பெரிய தலைவலி. சில கரைகள் நீர்வளத்துறையிடம், சில நெடுஞ்சாலைத் துறையிடம், சில ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்று அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். சாலை யாருடையது, பணி ஆணை நகல், ஒப்பந்தக்காரர் பெயர், ஒப்பந்தத்தில் பாதுகாப்பு ஏற்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். துறை, ஒப்பந்தக்காரர் இருவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். பொதுச் சாலையை வெட்டும் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டதாலேயே துறையின் பொறுப்பு கைமாறிவிடாது. டெல்லி மணிக்கூண்டு இடிந்த வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம், நடந்த சம்பவமே அலட்சியத்தைச் சொல்லும் என்ற கொள்கையை ஏற்று மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. உங்கள் வழக்கிலும் அதை எடுத்து வைக்கலாம்.

காலக்கெடுவில் கவனம் வேண்டும். மூன்று ஆண்டு இருக்கிறது என்று சொல்வார்கள், நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சட்டப்படி செய்த பணியால் வந்த இழப்பீட்டைப் பற்றிய காலவரையறைச் சட்டம் 72-ஆவது இனத்தைக் காட்டி, அரசுத் தரப்பு ஓர் ஆண்டுதான் என்று வாதிடும். அதோடு, அரசின் மேல் வழக்குப் போட சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே அறிவிப்பை இந்த மாதமே அனுப்புங்கள், வழக்கை ஓராண்டுக்குள் போடுங்கள்.

'சைக்கிளில் விளக்கில்லை, அவர் மேலும் தப்பு' என்ற வாதமும் வரும். நீதிமன்றம் அதை ஏற்றால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும், வழக்கு தோற்றுவிடாது. கேட்கும் தொகையில் பால் வருமான இழப்பை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அம்மா செய்துவந்த சமையல், மாட்டுப் பராமரிப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். வீட்டு வேலைக்குப் பண மதிப்பு உண்டு என்று 2021-இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லியிருக்கிறது. சொசைட்டியில் பால் ஊற்றிய அட்டை வருமானத்துக்கு நல்ல சான்று, பத்திரமாக வையுங்கள். அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, தூக்கிவிட்டவர்களின் பெயர் இவையும் வேண்டும். அந்தக் கிளையை யாராவது போனில் படம் எடுத்திருந்தால் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அப்புறம், சைக்கிள் வளைந்திருந்தால் அதை இப்போதைக்குப் பழுது பார்க்காதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறலாம். வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதை முதலில் செய்யுங்கள்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-இன்படி வருவாய்க் கோட்டாட்சியருக்கு ஒரு மனு கொடுங்கள். பொதுவழியை ஒட்டிய பள்ளத்துக்கு வேலி போட உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல், இன்று இருட்டுவதற்குள் ஊர்க்காரர்கள் சேர்ந்து சாலையின் இரண்டு பக்கமும் எரியும் விளக்கு ஒன்று வையுங்கள். பள்ளத்தையும் கிளையையும் தொடும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.