ட்யூடர் அரசவையில் இன்றுவரை துலங்காத மர்ம மரணம் எது? அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஏமி ராப்சார்ட்டின் மரணம். இங்கிலாந்தை ஆண்ட ட்யூடர் வம்சத்தின் வரலாற்றைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் கம்னர் வீட்டு மாடிப்படியின் அடியில்தான் வந்து நிற்கிறேன்.

அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் பின்னணி. ஏமி இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த ஒரு நிலக்கிழாரின் மகள். 1550 ஜூனில், பதினெட்டு வயது நிறையும் தறுவாயில், ராபர்ட் டட்லியை மணந்தார். மன்னர் ஆறாம் எட்வர்டே அந்தத் திருமணத்துக்கு வந்து, அதைத் தன் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். மூன்றே வருடத்தில் நிலைமை தலைகீழானது. டட்லியின் தந்தை, ஜேன் கிரேயை அரியணையில் ஏற்றப் பார்த்துத் தோற்று, தலை வெட்டப்பட்டு இறந்தார். டட்லியும் லண்டன் கோட்டைச் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்து மீண்டவர். 1558 நவம்பரில் எலிசபெத் ராணியானதும், அரசுக் குதிரைகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி என்ற பதவி டட்லிக்குக் கிடைத்தது. நாள் முழுக்க ராணியின் அருகிலேயே இருக்கும் வேலை அது. மனைவியோ ஊர் ஊராகத் தெரிந்தவர்கள் வீடுகளில் தங்கினார். 1559 கோடைக்குப் பிறகு கணவனும் மனைவியும் நேரில் சந்தித்ததற்குப் பதிவே இல்லை.

அரசவை முழுக்க ஒரே பேச்சு. ஏமிக்கு மார்பில் ஏதோ நோய், அவர் இறந்ததும் ராணி டட்லியை மணந்துகொள்வார் என்று ஸ்பெயின் தூதர் 1559 ஏப்ரலிலேயே தன் மன்னருக்கு எழுதிவிட்டார். ஒரு பெண் உயிரோடு இருக்கும்போதே அவள் எப்போது சாவாள் என்று ஒரு நாடே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இது ஏமியின் காதுக்கு எட்டாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1560 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஏமி அப்போது ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் கம்னர் பிளேஸ் என்ற வீட்டில் தங்கியிருந்தார். டட்லியின் ஆள் ஆண்டனி ஃபார்ஸ்டர் வாடகைக்கு எடுத்திருந்த வீடு அது. பக்கத்து ஊரான அபிங்டனில் அன்று சந்தைத் திருவிழா. வீட்டு வேலைக்காரர்கள் எல்லாரும் சந்தைக்குப் போயே ஆகவேண்டும் என்று காலையிலேயே ஏமி சொல்லிவிட்டார். அங்கே தங்கியிருந்த ஓடிங்செல்ஸ் என்ற பெண்மணி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நம்மைப் போன்றவர்கள் போவது சரியாக இருக்காது என்று மறுத்தார். ஏமிக்குக் கடுங்கோபம் வந்தது. நீங்கள் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், என் ஆட்கள் எல்லாரும் போகத்தான் வேண்டும் என்றார். அப்படியானால் உங்களுக்குத் துணை யார் என்று கேட்டதற்கு, ஓவன் அம்மா என்னோடு மதியம் சாப்பிடுவார் என்று பதில் வந்தது. அவரும் அதே வீட்டில் தங்கியிருந்தவர். திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது ஏமி மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து இறந்து கிடந்தார். வயது 28.

டட்லி அப்போது விண்ட்சர் கோட்டையில், ராணியோடு இருந்தார். செய்தி மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அவர் கம்னருக்குப் போகவில்லை. தன் உறவினர் தாமஸ் பிளவுண்டை விசாரித்து வரச்சொல்லி எழுதினார். அந்தக் கடிதத்தின் நகல் கிடைத்திருக்கிறது, படித்துப் பாருங்கள். உலகம் என்ன பேசும், தன் பெயர் என்ன ஆகும் என்ற பதற்றம் வரிக்கு வரி இருக்கிறது. பத்து வருடம் மனைவியாக இருந்தவளைப் பற்றி ஒரு சொல் வருத்தம் இல்லை. அது எனக்கு இன்றும் கோபத்தைத் தருகிறது. ஆனாலும் கோபம் சாட்சியாகாது. அதே கடிதத்தில், விசாரணைக் குழுவில் விவரமான, நேர்மையான ஆட்களைப் போடச் சொல், யார் முகத்தையும் பார்க்காமல் உண்மையைத் தேடட்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். குழுவில் சிலர் ஃபார்ஸ்டருக்கு வேண்டாதவர்கள் என்று பிளவுண்டே பதில் எழுதினார். கொலையை மூடிமறைக்க நினைக்கிறவர் அப்படி ஒரு குழுவை விட்டுவைப்பாரா?

விபத்து என்பதுதான் குழுவின் முடிவு. அந்த அறிக்கையே காணாமல் போய்விட்டது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2008இல் அது லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. மனைவி இறந்த செய்தி வந்ததும் அரசவையை விட்டு டட்லி ஒதுங்கியிருந்த வீடும் அதே கியூவில்தான் இருந்தது. தலையில் இரண்டு காயங்கள், ஒன்று கால் அங்குல ஆழம், இன்னொன்று இரண்டு அங்குல ஆழம் என்கிறது அறிக்கை. தலையில் போட்டிருந்த துணி கூடக் கலையாமல் கிடந்தாள், ஆகவே யாரோ கொன்று கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று 1584இல் டட்லியின் எதிரிகள் அச்சடித்துப் பரப்பிய கதை இதோடு அடிபட்டுப் போகிறது. அதே நேரம், இரண்டு அங்குலக் காயம் படியில் விழுந்ததால் மட்டும் வருமா என்ற கேள்வி புதிதாக முளைக்கிறது. கல் படியின் விளிம்பில் தலை மோதினால் வரலாம் என்றே நினைக்கிறேன்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவி, படியில் இறங்கும்போதே கழுத்தெலும்பு தானாக முறிந்திருக்கலாம் என்று 1956இல் இயன் எயர்ட் என்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியர் எழுதினார். நல்ல ஊகம்தான். ஆனால் அந்த நோய்க்கு நமக்கு இருக்கும் ஒரே ஆதாரம் தூதர்கள் எழுதி அனுப்பிய வதந்தி.

சரி, செசில்? ராணியின் முதன்மைச் செயலர் வில்லியம் செசில், டட்லியும் ராணியும் சேர்ந்து ஏமியைத் தீர்த்துக்கட்ட நினைக்கிறார்கள், அவர் நோயாளி என்று வெளியே சொல்கிறார்கள், உண்மையில் அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று புதிய ஸ்பெயின் தூதர் டி குவாத்ராவிடம் சொன்னாராம். தூதரின் கடிதத்தில் தேதி செப்டம்பர் 11. அந்தப் பேச்சு எந்த நாளில் நடந்தது என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. மரணத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அது பயங்கரமான விஷயம். டட்லியின் செல்வாக்கு சரிந்ததில் அதிகம் லாபம் அடைந்தவர் செசில். அதை வைத்து அவரையே கொலைகாரர் ஆக்குகிறவர்களும் உண்டு. லாபம் அடைந்தார் என்பதற்கு மேல் அவர்மேல் குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு இரண்டு தாள்களை.

ஒன்று, ஏமி ஆகஸ்ட் 24 அன்று தன் தையல்காரர் எட்னிக்கு எழுதிய கடிதம். ஒரு வெல்வெட் கவுனை அனுப்பி, போனமுறை தைத்துக் கொடுத்த டஃபேட்டா கவுனில் இருந்தது போலவே இதற்கும் கழுத்துப்பட்டி வைத்து, சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்கிறார். இரண்டு வாரம் கழித்து அவர் உயிரோடு இல்லை.

இன்னொன்று, பணிப்பெண் பிர்டோ சொன்னதாக பிளவுண்ட் எழுதியது. பிர்டோ ஏமியை மிகவும் நேசித்தவர். இது தற்செயலாக நடந்தது, வேறு யாரும் செய்ததில்லை, அவரே செய்துகொண்டதும் இல்லை என்று அடித்துச் சொல்கிறார். அப்புறம் பேச்சுவாக்கில், என்னை இந்த மன உடைவிலிருந்து காப்பாற்று என்று ஏமி கடவுளிடம் மண்டியிட்டு வேண்டியதைக் கேட்டிருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறார். அப்படியென்றால் அவர் மனதில் ஏதாவது தப்பான எண்ணம் இருந்ததா என்று பிளவுண்ட் உடனே பிடித்துக்கொள்கிறார். பிர்டோ பதறிப்போய், ஐயோ, என் வார்த்தையை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லியிருக்கவே கூடாது என்கிறார்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர் என்று தீர்ப்பானால் அக்காலச் சட்டப்படி உடைமைகள் அரசுக்குப் போகும், தேவாலயச் சடங்கோடு அடக்கமும் கிடைக்காது. இறந்துபோன எஜமானிக்கு பிர்டோ செய்ய முடிந்த கடைசி உதவி, அந்தச் சொல் தீர்ப்பில் வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

என் கருத்தைக் கேட்டால், கொலை என்பதை நான் நம்பவில்லை. அன்று வீட்டைக் காலி செய்தது ஏமியேதான், அதுவும் கோபப்பட்டு, வற்புறுத்தி. வெளியிலிருந்து வரும் கொலையாளிக்கு அப்படி ஒரு வசதியை அவர் ஏன் செய்து தர வேண்டும்? அவர் தனிமையை விரும்பினார். அது சாவதற்காகவா, நாலு பேர் பார்வை இல்லாமல் அழுவதற்காகவா என்பதில்தான் என் மனம் இன்னும் ஊசலாடுகிறது. தையல்காரருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் விபத்து என்று தோன்றும். பிர்டோவின் பதற்றத்தைப் படித்தால் அந்த உறுதி போய்விடும்.

அதன் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். ஐரோப்பாவே கைகொட்டிச் சிரிக்க, எலிசபெத் டட்லியை மணக்கவே முடியாமல் போனது. ஏமியை செப்டம்பர் 22 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் புனித மரியாள் தேவாலயத்தில் பெரிய மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கம்னர் பிளேஸை 1810 வாக்கில் இடித்துவிட்டார்கள், அந்தப் படியும் இப்போது இல்லை.

டட்லி எழுதியது இருக்கிறது, பிளவுண்ட் எழுதியது இருக்கிறது, தூதர்கள் எழுதியது கட்டுக்கட்டாக இருக்கிறது. அன்று மதியம் ஏமியோடு சாப்பிடுவதாக இருந்த ஓவன் அம்மா என்ன பார்த்தார், என்ன பேசினார் என்று ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை. எனக்குப் படிக்க ஆசையாக இருப்பது அந்த ஒரு வரிதான்.