நாய்க்குப் புழுவா? மணல் ஒட்டாத மலம் கொண்டுவாருங்கள்

தேவிபட்டினம்: ஐயா, நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்க்கிறது. எந்தப் பூச்சி மாத்திரை வாங்கலாம்?

தேய்ப்பதெல்லாம் புழு அல்ல. ஆசனவாய்ப் பைகள் அடைத்திருந்தாலும் தேய்க்கும். வாலடியில் அரிசி போல ஒட்டியிருந்தால் நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்கித்தான் அது பெரும்பாலும் வருகிறது. தெள்ளை விட்டுவைத்தால் திரும்பவும் வரும்.

தொண்டி: அண்ணே, நேற்று வலைக்கொட்டகைப் பக்கம் கிடந்த நாய் மலத்தை இன்று சோதனைக்கு எடுத்துப்போனேன். நிறையப் புழு நெளிகிறது என்றார்கள். நாய் நன்றாகத்தான் ஓடுகிறது.

தம்பி, நம் கரையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். மண்ணில் தானாக வாழும் நுண்புழுக்கள் ஏராளம். கிடக்கும் மலத்தில் அவை ஏறிவிடும். கொக்கிப்புழுவின் முட்டையும் நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அப்புறம் இது நாயின் புழுவா, மண்ணின் புழுவா என்று பிரிப்பது பெரும்பாடு. முட்டையாகக் கிடைத்தால் குழப்பமில்லை. கொக்கிப்புழு முட்டைக்கு மெல்லிய ஓடு. உருளைப்புழுவுக்குத் தடித்த, குழிகுழியான ஓடு. சாட்டைப்புழுவுக்கு இரு முனையிலும் மூடி போட்டதுபோல இருக்கும்.

நாய் வெளிக்குப் போன உடனே, மணல் படாத மேல்பகுதியில் நெல்லிக்காய் அளவு எடுங்கள். மூடியுள்ள டப்பாவில் அன்றே கொடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள், உறையவிட வேண்டாம். கெட்டியான உப்புக்கரைசலில் கலக்கினால் முட்டை மேலே மிதந்து வரும்; அதைத்தான் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். நாடாப்புழு இதில் பல நேரம் தப்பிவிடும். அதனால் துண்டைக் கண்ணால் பார்த்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கீழக்கரை: சோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் இளைக்கிறது.

ஒரு தடவை இல்லை என்றால் இல்லை என்று ஆகாது. சாட்டைப்புழு முட்டையிடவே ஏறக்குறைய 3 மாதம் ஆகும், முட்டையும் தினமும் வராது. வெவ்வேறு நாளில் 3 தடவை பாருங்கள்.

முதுகுளத்தூர்: மண்டை இன நாய்க்குட்டி, பிறந்து 12 நாள். ஈறு வெளுத்து, மலம் கறுப்பாகப் போகிறது. மாதிரி எப்படி எடுப்பது?

எடுக்க வேண்டாம், இப்போதே குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கொக்கிப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வரும். முட்டை மலத்தில் தெரியும் முன்பே இரத்தம் குடித்துக் குட்டியைக் கொன்றுவிடும். சோதனைக்குக் காத்திருக்கக் கூடாத இடம் இது. கூடப் பிறந்த குட்டிகளையும் தாயையும் காட்டுங்கள்.

மண்டபம்: எங்கள் தாத்தா வேப்பங்கொழுந்துதான் கொடுப்பார். புழு விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விழுந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மருந்தே கொடுக்காத குட்டியும் உருளைப்புழுவை வாந்தியெடுக்கும், மலத்திலும் தள்ளும். விழுந்தது தெரிகிறது, உள்ளே எத்தனை இருக்கிறது என்று தெரியாதே?

ஏர்வாடி: மண்டபத்துக்காரர் சொல்வது சரி. எங்கள் வீட்டிலும் அதுதான், நாய் 11 வயது வரை இருந்தது.

அது நல்ல நாயாக, நல்ல கவனிப்பில் இருந்திருக்கும். வேப்பிலையால்தான் என்று எப்படிச் சொல்வது?

மண்டபம்: அப்போ தாத்தா முட்டாளா?

இல்லவே இல்லை. அவரிடம் நுண்ணோக்கி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கொழுந்து கொடுக்கும் முன் ஒரு மாதிரி, இரண்டு வாரம் கழித்து ஒரு மாதிரி கொண்டுவாருங்கள். முட்டை குறைந்திருந்தால் நானே ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன்: வெறுங்காலோடு மணலில் நடந்தேன். பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு நெளிந்து போகிறது, அரிப்பு தாங்கவில்லை.

நாய், பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சாக இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது மனித டாக்டரை.

பரமக்குடி: எந்த மாத்திரை நல்லது?

நாயின் எடை எவ்வளவு? மாதிரி எப்போது எடுத்தது? மணல் ஒட்டியிருந்ததா? இதைச் சொல்லுங்கள், அப்புறம் மாத்திரையைப் பேசலாம்.