வெயில் அடிக்கிறது, மின்சாரம் இல்லை: மாடி சோலார் ஏன் கைவிடுகிறது?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்கள் வீடு. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். மின்தடை வந்தால், பளீரென்று வெயில் அடிக்கும்போதுகூட ஒரு விளக்கும் எரிவதில்லை. இன்வெர்ட்டரில் பழுதா? புயல் காலத்துக்கு என்ன செய்யலாம்?

பழுது இல்லை. உங்களுடையது மின்வாரியக் கம்பியோடு இணைந்த ஆன்-கிரிட் அமைப்பு. கம்பியில் மின்சாரம் நின்றதும் அந்த இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிட வேண்டும். கம்பத்தின் மேல் இருக்கும் லைன்மேனுக்காகத்தான் இந்த ஏற்பாடு. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி அவர் கை வைக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். யார் சொன்னாலும் அந்தப் பாதுகாப்பை நீக்க விடாதீர்கள்.

இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பலரும் கட்டணம் குறையும் என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். உங்கள் கடற்கரைக்கு அதைவிடப் பெரிய கவலை உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. வெளி மாவட்ட ஊழியர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டும், பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதனால் இரண்டு வாரம் தாங்கும் ஏற்பாடாகவே யோசியுங்கள்.

முதலில் மின்விசிறியை மாற்றுங்கள், பேட்டரி பிறகு. சாதாரண விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனும் மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட விசிறிக்கு 30 வாட் போதும். இரண்டு விசிறி இரவு பத்து மணி நேரம் ஓடினால் பழையதில் ஒன்றரை யூனிட், புதியதில் 0.6 யூனிட். நான்கு எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 0.3 யூனிட். ஆக, ஓர் இரவுக்கு 0.9 யூனிட். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். பாதி என்பது சரியாக அந்த 0.9தான். பேட்டரியோடு சேரும் இன்வெர்ட்டரிலும் (வீட்டு யு.பி.எஸ்.) கொஞ்சம் வீணாகும் என்பதால் முடிந்தால் 200 ஏ.எச். வாங்குங்கள்.

அதை நிரப்ப, இப்போதுள்ள அமைப்பைத் தொடாமல் தனியாக 330 வாட் பேனல் ஒன்று, பேனலிலிருந்து முடிந்தவரை மின்சாரத்தை எடுத்துப் பேட்டரியில் ஏற்றும் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று வையுங்கள். நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றேகால் யூனிட் கிடைக்கும். இப்போதுள்ள சோலார் இன்வெர்ட்டரையே, மின்தடையிலும் பேனலையும் பேட்டரியையும் வைத்து வீட்டுக்கு மின்சாரம் தரும் ஹைபிரிட் வகைக்கு மாற்றிப் பெரிய பேட்டரி வைத்தால் பகலில் ஃபிரிட்ஜும் ஓடும். செலவு அதிகம், மின்வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் இன்சுலின் போன்ற குளிரில் வைக்கும் மருந்து இருந்தால் தவிர, சின்ன ஏற்பாடே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. ஒரு குதிரைத்திறன் மோட்டாரை இதில் மாட்டாதீர்கள். கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை வீட்டு யு.பி.எஸ். லைனில் கோத்து ஏமாற்றி ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். வீட்டில் செலவாகாத மின்சாரம் திரும்பிப் பாய்ந்து யு.பி.எஸ்.ஸை எரித்துவிடும்.

உப்புக்காற்றில் பேனல் கிளாம்பும் போல்ட்டும் துருப்பிடிக்கும். செப்டம்பரில் ஒருமுறை மாடியேறி ஒவ்வொன்றையும் ஸ்பானரால் முறுக்கிப் பாருங்கள். அக்டோபரில் ஒரு மாலை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விடியும்வரை பேட்டரியிலேயே இருந்து பாருங்கள். நள்ளிரவில் விசிறி நின்றால் பேட்டரி போதவில்லை என்று தெரிந்துவிடும். மழைக்கு முன் மாற்ற நாள் இருக்கும்.