டிராக்டர் ஓட்டி இடுப்பு வலி: சீட்டை மாற்றினால் தீருமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "45 எச்.பி. டிராக்டரில் வாடகைக்கு உழவு ஓட்டுகிறேன். நாள் முழுக்க ரோட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டினால் சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மெத்தென்று ஒரு புது சீட் போட்டால் சரியாகுமா?"

மெத்தை மட்டும் போதாது. சில சமயம் வலியை அது கூட்டிவிடும். காரில் இருப்பது போன்ற ஸ்பிரிங் அமைப்பு டிராக்டரின் பின் அச்சில் கிடையாது. டயரில் உள்ள காற்றுதான் ஸ்பிரிங். அந்தக் குலுக்கல் மெதுவானது, நொடிக்குச் சில தடவைதான். நம் முதுகெலும்பு அதிகம் தாங்காததும் நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்-கீழ் ஆட்டத்தைத்தான். தடித்த ஸ்பாஞ்ச் இதை அடக்காது, ஆளைக் கூடுதலாகத் தூக்கிப் போடும்.

அதனால் முதலில் டயரைப் பாருங்கள். பின் டயரில் தண்ணீர் அடைத்திருக்கிறீர்களா? தண்ணீர் நிறைய நிறைய காற்றுக்கு இடம் குறைந்து டயர் விறைத்துப்போகும். இழுவை வேலைக்கு அந்த எடை தேவைதான். ஆனால் ரோட்டவேட்டருக்கு அவ்வளவு இழுவை வேண்டாம், சுழலும் கத்தியே வண்டியை முன்னே தள்ளும். சீசன் முழுக்க ரோட்டவேட்டர்தான் என்றால் தண்ணீரை இறக்கிவிடலாம். காற்றையும் ரோட்டில் டிரெய்லர் இழுக்கும் அளவிலேயே விடாமல், டயர் கம்பெனி அட்டவணையில் வயல் வேலைக்குச் சொன்ன அளவுக்குக் குறையுங்கள்.

அப்புறம் சீட். எடைக்குத் தக்கபடி திருகும் குமிழ் பல சீட்டுகளில் உண்டு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். நீங்கள் உட்கார்ந்ததும் சீட் தன் ஏற்ற இறக்கத்தில் பாதியில் நிற்க வேண்டும். வரப்பு ஏறும்போது அடியில் 'டக்' என்று இடித்தால் இன்னும் இறுக்குங்கள். கிளட்சை முழுக்க மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், முதுகு சாய்மானத்தை விட்டு வரக் கூடாது. குமிழும் ஷாக் அப்சார்பரும் இல்லாத பழைய சீட் என்றால், அவை உள்ள சீட்டாகப் பார்த்து மாற்றுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

என் கணிப்பில் உங்கள் வலியில் பெரும்பங்கு இன்னொன்றுக்கு உண்டு: ரோட்டவேட்டரைப் பார்க்க அடிக்கடி இடுப்பை முறுக்கித் திரும்புவது. குலுங்கிக்கொண்டே முறுக்கினால் இடுப்பெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுக்கு (டிஸ்க்) இரட்டை அடி. மட்கார்டு பக்கம் இரண்டு பெரிய கண்ணாடி பொருத்துங்கள். தலையை லேசாகத் திருப்பினாலே போதும். பக்கவாட்டு ஆட்டத்தைச் சீட் தடுக்காது. கட்டி கிடக்கும் வயலில் ஒரு கியர் குறைப்பதுதான் வழி.

சத்தமும் அசதியைக் கூட்டும். கேபின் இல்லாத வண்டியில் காதடைப்பான் போடுங்கள். அடுத்த டிராக்டர் வாங்கும்போது மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் டிராக்டர்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையத்தின் அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். ஓட்டுநர் காதருகே எவ்வளவு சத்தம், எந்தெந்த இடத்தில் எவ்வளவு அதிர்வு என்று அதில் இருக்கும்.

மணிக்கு ஒரு முறை இறங்கி நடங்கள். இறங்கியதும் மூட்டை தூக்காதீர்கள். வலி தொடைக்கு இறங்கினாலோ கால் மரத்தாலோ உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.