செம்மண்ணிலிருந்து வந்த சொல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பயிற்சி வகுப்பில் 'ரூப்ரிக்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கட்டம் கட்டி, எப்படி எழுதினால் எத்தனை மதிப்பெண் என்று போட்டிருக்கிறது. அகராதியைப் பார்த்தால் தலைப்பு, விதி, சிவப்பு எழுத்து என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள். இதில் எது சரி?
— அரசுப் பள்ளி ஆசிரியை, காரிமங்கலம்

பதில்: எல்லாமே சரிதான் டீச்சர். எல்லாவற்றையும் ஒட்டவைப்பது மண்.

லத்தீனில் 'ரூபெர்' என்றால் சிவப்பு. 'ரூப்ரிகா' என்றால் காவிமண். பென்னாகரம் ரோட்டில் எங்கள் ஊர் முழுக்கச் செங்காடு. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, கிணறு வெட்டிய மேட்டிலிருந்து என் அம்மா ஒரு கூடை மண் அள்ளிவந்து பழைய பானையில் ஊறப்போடுவார். கல்லும் மணலும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கரைசலை வேட்டித் துணியில் வடித்து, சுண்ணாம்பு அடித்த திண்ணைக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பட்டை இழுப்பார். விரலிடுக்கில் ஒட்டிய சிவப்பு மூன்று நாளைக்குப் போகாது. ரூப்ரிகா என்று ரோமானியர் சொன்னது இந்த மாதிரி மண்ணைத்தான்.

அவர்கள் சட்டங்களின் தலைப்பைச் சிவப்பில் எழுதினார்கள். போகப் போகத் தலைப்புக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. பிறகு ஐரோப்பிய மடங்களில் தோல் ஏடுகளில் நூல்களைப் படியெடுத்த காலத்தில், கறுப்பு மையில் எழுதுகிறவர் இடம் விட்டுப் போவார். தலைப்பையும் முதலெழுத்தையும் சிவப்பில் போடுவதற்குத் தனி ஆள் உண்டு. அவருக்கு 'ரூப்ரிகேட்டர்' என்று பெயர். பிரெஞ்சு வழியாக 1400 வாக்கில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. தலைப்பு, பிறகு சடங்குக் குறிப்பு, பிறகு வினாத்தாளின் மேலே இருக்கும் கட்டளை என்று வளர்ந்தது. உங்கள் கையில் இருக்கும் மதிப்பெண் கட்டம் கடைசியாக வந்தது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கக் கல்வியாளர்கள் பரப்பிய பொருள்.

நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். மேலே 'அறிவுரைகள்' என்று இருக்கும். நீலம் அல்லது கருப்பு மையினால் மட்டுமே எழுத வேண்டும், அடிக்கோடிட வேண்டும் என்று அதில் ஒரு வரி. இங்கிலாந்தில் அந்தப் பகுதிக்குப் பெயரே ரூப்ரிக்தான். சிவப்பு என்று பொருள்படும் பகுதிக்குள், சிவப்பைத் தொடாதே என்று மாணவனுக்கு ஒரு கட்டளை! சிவப்பு திருத்துகிறவருக்கு உரியது என்ற பழைய வழக்கம் அங்கே அப்படியே நிற்கிறது.

தமிழில் என்ன சொல்வது? வினாத்தாளுக்கு 'அறிவுரைகள்' போதும். உங்கள் கட்டத்துக்கு 'மதிப்பீட்டு அளவுகோல்' என்பேன். ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன் டீச்சர். அந்தத் தாளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, திருத்தும்போது மட்டும் எடுக்காதீர்கள். ரூப்ரிக் என்பது செய்கிறவன் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பதற்காகவே சிவப்பில் எழுதப்பட்டது. கட்டுரை எழுதச் சொல்லும் அன்றைக்கே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சர்ச் பூசைப் புத்தகத்தில் சில வரிகள் சிவப்பில் இருக்கின்றன. சாமியார் அவற்றை வாசிப்பதே இல்லையே?
— பீடச் சிறுவனின் தந்தை, கோவிலூர்

பதில்: வாசிக்கக் கூடாது என்பதால்தான் சிவப்பு. கறுப்பில் இருப்பது வாயால் சொல்வதற்கு. சிவப்பில் இருப்பது கையாலும் உடம்பாலும் செய்வதற்கு. கைகளை விரித்து, தலை வணங்கி, எல்லாரும் எழுந்து நிற்க, இப்படி. கத்தோலிக்கக் குருக்களிடையே 'கறுப்பைச் சொல், சிவப்பைச் செய்' என்ற பேச்சே உண்டு. அந்தச் சிவப்பு வரிகளுக்குத்தான் ரூப்ரிக் என்று பெயர். உங்கள் பையனுக்கு இதைச் சொல்லுங்கள்; மணி அடிக்க வேண்டிய இடம் அவனுக்குத் தானாகப் பிடிபடும்.

சர்ச் காலண்டரிலும் புனிதர் திருநாட்களைச் சிவப்பில் குறித்தார்கள். மறக்க முடியாத நல்ல நாளை ஆங்கிலத்தில் 'ரெட் லெட்டர் டே' என்பது அதிலிருந்து வந்தது. நம் வீட்டுத் தினசரி காலண்டரில் ஞாயிறும் பண்டிகையும் சிவப்பில் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை.

கேள்வி: நான் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். இப்போது சிவப்பு வேண்டுமென்றால் ஒரு கிளிக். அச்சு வந்த புதிதில் அந்த ரூப்ரிகேட்டர்களுக்கு வேலை போய்விட்டதா?
— கிருஷ்ணகிரி

பதில்: உடனே போகவில்லை தம்பி. ஏன் என்று எனக்குக் கையாலேயே தெரியும்.

1979இல் தருமபுரியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டராகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு கலர். முதலில் கறுப்பு ஓட்டுவோம். மறுநாள் மை காய்ந்த பிறகு உருளைகளைக் கழுவி, சிவப்பு மை போட்டு, அதே அட்டைகளைத் திரும்ப ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கொடுப்போம். இரண்டாவது முறையும் அட்டை அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு முறை அட்டையை நிறுத்தும் ஊசி நெல்மணி அளவு நகர்ந்துவிட்டது. நூறு அட்டை ஓடிய பிறகுதான் பார்த்தேன். சிவப்பில் இருந்த 'திருமண அழைப்பிதழ்' இறங்கிவந்து, கறுப்பில் இருந்த தாத்தா பாட்டி பெயர்கள்மேல் உட்கார்ந்திருந்தது. பெண் வீட்டுக்காரர் காலையில் வாங்க வருகிறார். ராத்திரியோடு ராத்திரியாக அந்த நூறையும் முதலிலிருந்து அடித்தோம். அந்த வீட்டின் முதல் சுபகாரியத்தில் என் கை பிசகியது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

அதனால்தான் ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த கூட்டன்பர்க் கதையைப் படித்தபோது என்னால் அவரைப் புரிந்துகொள்ள முடிந்தது. ஜெர்மனியின் மெயின்ஸ் நகரில் 1455 வாக்கில் அவர் பைபிளை அச்சிட்டு முடித்தார். ஆரம்பத்தில் சில பக்கங்களின் தலைப்பைச் சிவப்பிலேயே அச்சடித்துப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார். தலைப்புக்கு வெற்றிடம் விட்டு, சிவப்பைக் கையால் எழுதிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார். எங்கே எந்தத் தலைப்பு என்று ரூப்ரிகேட்டர் குழம்பக் கூடாதே? அதற்காக எட்டுப் பக்கத்தில் ஒரு பட்டியலையும் அச்சிட்டார். வேலை முடிந்ததும் தூக்கிப் போடும் தாள் அது. இரண்டு பிரதிகள் மட்டும் தப்பி, மியூனிக்கிலும் வியன்னாவிலும் இருக்கின்றன. ஒரு தொழிலாளி பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதிய தாள் என்பதால், அந்த பைபிளைவிட அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

1457இலேயே அதே ஊரில் ஃபுஸ்ட், ஷோஃபர் என்ற இருவர் சிவப்பும் நீலமும் சேர்த்து, பைபிளின் சங்கீதப் பாடல்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை அச்சிட்டுவிட்டார்கள். பெரிய சாதனை அது. ஆனாலும் மற்றவர்கள் வெகுகாலம் கைச்சிவப்பையே நம்பினார்கள்.

இன்னொன்று, உங்கள் தொழிலுக்குப் பக்கத்து விஷயம். ஏடுகளில் காவிமண் மட்டுமல்ல, ஜாதிலிங்கம் என்ற பாதரசச் சிவப்பும் ஈயச் செந்தூரமும் சிவப்புக்குப் பயன்பட்டன. ஈயச் செந்தூரத்துக்கு லத்தீனில் 'மினியம்'. அதைக் கொண்டு வரைந்ததுதான் 'மினியேச்சர்'. சின்னது என்ற பொருள் அதில் முதலில் கிடையாது; ஏட்டுப் படங்கள் சின்னதாக இருந்ததால் பின்னால் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: ரூபிக்ஸ் க்யூப் இந்தச் சொல்லிலிருந்து வந்ததா?
— ஏழாம் வகுப்பு மாணவி, பாலக்கோடு

பதில்: இல்லை கண்ணு. அது ஆளின் பெயர். எர்னோ ரூபிக் என்ற ஹங்கேரிக்காரர் 1974இல் செய்தது. அதில் சிவப்புப் பக்கம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் ஒற்றுமை.

கேள்வி: ஆங்கிலத் தலையங்கங்களில் 'அண்டர் தி ரூப்ரிக் ஆஃப்' என்று வருகிறதே?
— போட்டித்தேர்வு எழுதுபவர், ஊத்தங்கரை

பதில்: 'என்ற தலைப்பின் கீழ்', 'என்ற பெயரில்'. இடத்துக்குத் தகுந்ததைப் போடுங்கள்.

கேள்வி: இந்தச் சொல்லுக்கு நம் பக்கம் சொந்தம் யாராவது உண்டா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அரூர்

பதில்: உண்டு ஐயா, சுற்றி வளைத்துத்தான். லத்தீன் ரூபெர், ஆங்கில ரெட், சமஸ்கிருத ருதிரம் மூன்றும் ஒரு வேர். மாணிக்கத்துக்கு ரூபி என்ற பெயரும், 2017இல் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்களே, அந்த ரூபெல்லாவும் லத்தீன் கிளையில் வந்தவை. உடம்பில் சிவந்த தடிப்பு வருவதால் நோய்க்கு அந்தப் பெயர். சமஸ்கிருத ருதிரம் தமிழுக்கு வந்து உதிரம் ஆயிற்று. ஆகவே காரிமங்கலம் டீச்சர் கையில் இருக்கும் ரூப்ரிக்கும், நீங்கள் பாடம் நடத்திய உதிரமும் தூரத்துப் பங்காளிகள்.