ரெண்டு லேப்ல ரெண்டு நார்மல், எது சரின்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, வெளிநாடு வந்து மூணு மாசம்தான் ஆகுது, ஊர்ல எடுத்த தைராய்டு ரிப்போர்ட் நார்மல், இங்க எடுத்தா பக்கத்துல ஸ்டார் போட்டு ஹைன்னு வருது, எந்த லேப் தப்புன்னு கேட்டிருக்கீங்க. கூடவே இன்சூரன்ஸ், பேங்க் கணக்கு, வீட்டு அட்வான்ஸ்னு இன்னும் நாலு கேள்வி. அதெல்லாம் ஆபீஸ்ல கேட்டா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவாங்க, விடுங்க. ரத்த டெஸ்ட் சமாச்சாரம் மட்டும் நான் சொல்றேன், இதுல ஒரு ராத்திரி செத்துப் பிழைச்சவன் நான்.

முதல்ல நீங்க போட்டிருக்கற நம்பரையே நல்லாப் பாருங்க. ஊர்ல டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்கற ஹார்மோன், தைராய்டு மந்தமானா ஏறும், ஓவரா சுரந்தா இறங்கும்) 4.5, அந்த லேப்போட வரம்பு 0.35-லேருந்து 4.94. இங்க 4.4, வரம்பு 0.27-லேருந்து 4.2. நம்பர் குறைஞ்சிருக்கு தம்பி! குறைஞ்ச நம்பருக்குத்தான் ஸ்டார் விழுந்திருக்கு. ரெண்டு லேப்பும் தப்புப் பண்ணல. டிஎஸ்எச்சை அளக்க ஆன்டிபாடி வச்ச கெமிக்கல் கிட் போடுவாங்க, ஒவ்வொரு கம்பெனி மிஷினுக்கும் அது வேற வேற, ஒரே டியூப் ரத்தத்தை ரெண்டு மிஷின்ல விட்டாலும் கொஞ்சம் முன்னப்பின்ன தான் வரும், அதனால அந்தந்த மிஷினுக்கு அந்தந்த வரம்பு. போதாததுக்கு டிஎஸ்எச் ராத்திரி ஏறும், மத்தியானம் இறங்கும். நீங்க எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீங்கன்னு ரெண்டு ரிப்போர்ட்லயும் பாருங்க.

அந்த நார்மல்ங்கறது எப்படி வருதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். நோய் இல்லாதவங்கன்னு குறைஞ்சது 120 பேரைப் பிடிச்சு ரத்தம் எடுத்து, வரிசைப்படுத்தி, மேல ரெண்டரை சதவீதம் கீழ ரெண்டரை சதவீதம் வெட்டிட்டு, நடுவுல இருக்கற 95 சதவீதத்தை நார்மல்னு அச்சடிக்கிறாங்க. அப்போ வெட்டுப்பட்டவங்க? அவங்களும் நல்லா இருந்தவங்கதானே. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, ஒரு குறையும் இல்லாத ஆளுக்கே ஒரு ஸ்டாராவது விழ நூத்துக்கு 64 வாய்ப்பு இருக்கு. இது தெரியாம நம்மாளுங்க லீவுல ஊருக்குப் போனா ஃபுல் பாடி பேக்கேஜ்னு எண்பது டெஸ்ட் எடுத்துட்டு, நாலு ஸ்டாரோட திரும்பி வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இன்னொரு கோஷ்டி எக்ஸெல் கோஷ்டி. பத்து வருஷம், ஆறு லேப், ரெண்டு நாடு, எல்லாத்தையும் ஒரே கோட்டுல கிராஃப் போட்டு "பாரு ஏறுது"ம்பாங்க. என்ன ஏறுது, மிஷின் மாறியிருக்கு! ஒரே லேப்ல எடுங்க, மாத்தித்தான் ஆகணும்னா பழைய ரிப்போர்ட்டை வரம்போட சேர்த்து டாக்டர்கிட்ட காட்டுங்க. ஸ்டாரைப் பாத்து நீங்களா மாத்திரை ஆரம்பிக்கறதும் வேணாம், ஸ்டார் இல்லன்னு நிறுத்தறதும் வேணாம்.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடறீங்களா? புதுசா வந்தவங்க முக்காவாசிப் பேர் போடறாங்க. அது சில கிட்டுல புகுந்து குழப்பி, டிஎஸ்எச்சை இருக்கறதைவிடக் கம்மியாக் காட்டும், தைராய்டு ஓவரா சுரக்கற மாதிரி ஒரு பொய் ரிப்போர்ட் வரும். ரெண்டு நாள் முன்னாடியாவது நிறுத்துங்க, ரத்தம் எடுக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, இதையே சாக்கா வச்சு சுகரைச் சமாளிக்காதீங்க. வெறும் வயித்துல டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம், மூணு மாச சராசரி 6.5 சதவீதம், இதெல்லாம் நோய்க்குன்னு போட்ட கோடு, லேப் மாறினா மாறாது. "அந்த லேப்ல வரம்பு வேறண்ணே"ன்னு சொல்லிச் சொல்லியே கண்ணு வரைக்கும் விட்டவங்களை எனக்குத் தெரியும்.

எல்லாத்தையும் விட மோசமானது யூனிட். என் கதை அதுதான். வந்த புதுசுல கம்பெனி மெடிக்கல், ரூம்ல நாலு பேர், ரிப்போர்ட் கவர்ல வந்துச்சு. பிரிச்சா கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற கிரியேட்டினின் 80. ஊர்ல எனக்கு எப்பவும் 0.9 தான் தம்பி! ரூம்மேட் ஒருத்தன் ஃபார்மசி ஒரு வருஷம் படிச்சுட்டு விட்டவன், வாங்கிப் பாத்துட்டு ரொம்ப நிதானமா "ரெண்டு கிட்னியும் போயிருக்கும்டா"ன்னான். அவ்வளவுதான். கடனை யார் அடைப்பா, வீட்ல எப்படிச் சொல்றது, ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போனேன்னு எண்ணிக்கிட்டே கெடந்தேன். விடிஞ்சதும் அப்பாயின்ட்மென்ட் இல்லாம கிளினிக் வாசல்ல போய் நின்னேன். நர்ஸ் அம்மா பேப்பரை வாங்கி, பேனா முனையால நம்பருக்குப் பக்கத்துல இருந்த பொடி எழுத்தைத் தொட்டாங்க. ஊர்ல டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்க லிட்டருக்கு மைக்ரோமோல். கால்குலேட்டரை எடுத்து 80-ஐ 88.4-ஆல வகுத்து என் பக்கம் திருப்பினாங்க. 0.90. அடுத்த கட்டத்துல 60 முதல் 110-ன்னு வரம்பும் அச்சடிச்சே இருக்கு, ஸ்டாரும் இல்ல. நான் அதைப் பாக்கவே இல்ல.

இப்போ எவன் எந்த ஊர் ரிப்போர்ட்டை நீட்டினாலும் கண்ணு முதல்ல யூனிட்டுக்குத்தான் போகும். லிட்டருக்கு மில்லிமோல்னு இருந்தா அதை நம்ம ஊர் மில்லிகிராம் கணக்குக்குக் கொண்டுவர சுகருக்கு 18, கொலஸ்ட்ராலுக்கு 38.67, மனசுலயே பெருக்கிடுவேன். இந்த ஊரு பாஷை வர எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, இது ஒரே ராத்திரில வந்துடுச்சு. அந்த ஃபார்மசிக்காரன் வேற ஊருக்கு மாறிப் போய் வருஷமாச்சு, இன்னமும் போன் பண்ணா "என்ன கிரியேட்டினின், சவுக்கியமா"ன்னுதான் ஆரம்பிப்பான்.