வாசகர் கேள்வி பதில்: விக்டோரியா ஏரிக்கரையில் மிகோரி

கேள்வி: கென்யாவின் மிகோரி கவுண்டி எங்கே உள்ளது? அதை நம் நாட்டு மாவட்டத்துக்கு இணையாகக் கருதலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: கென்யாவின் தென்மேற்கு மூலையில், மேற்கே விக்டோரியா ஏரியும் தெற்கே தான்சானியாவும் எல்லைகளாக அமைந்த பகுதி மிகோரி. வடக்கிலும் கிழக்கிலும் ஹோமா பே, கிசி, நரோக் ஆகிய கவுண்டிகள் சூழ்ந்துள்ளன. ஏரியின் மேற்பரப்பே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,134 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தும் இங்கு வெயில் அவ்வளவாகச் சுடுவதில்லை. கிழக்கே போகப் போக நிலம் உயர்ந்து மழையும் கூடுகிறது. ஏரியை ஒட்டிய நியாடிகே பகுதி வறண்டது. ஆனால் குஜா ஆறு மிகோரி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு அந்த வறண்ட சமவெளி வழியாகத்தான் ஏரியில் கலக்கிறது. அதனால் மேட்டில் பெய்யும் மழைக்குப் பள்ளத்தில் இருப்பவர்கள் வெள்ளத்தில் தவிக்க நேர்கிறது.

2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 11,16,436 பேர் வாழ்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு இணை என்று சொல்வது சரியாகாது. 2010 அரசமைப்புச் சட்டத்தின்படி அமைந்த 47 கவுண்டிகளும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆளுநரையும் தமக்கென ஒரு பேரவையையும் கொண்டவை. சுகாதாரமும் வேளாண்மையும் பெருமளவு அவற்றின் பொறுப்பில் உள்ளன.

கேள்வி: ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கு நிலையான குடியிருப்புகள் இருந்தனவா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: இருந்தன என்பதற்குத் திம்லிச் ஒஹிங்காவே சான்று. மிகோரி நகருக்கு வடமேற்கே உள்ள இந்தக் கல்மதில் குடியிருப்பு 16ஆம் நூற்றாண்டில் எழுந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. சாந்தும் சுண்ணாம்பும் இல்லாமல், உள்ளும் புறமும் பெரிய கற்களை அடுக்கி, நடுவே சிறு கற்களை இட்டு நிரப்பி, நான்கு மீட்டர் உயரம் வரை மதில் எழுப்பியிருக்கிறார்கள். மனிதர்களும் கால்நடைகளும் அதற்குள் பாதுகாப்பாக இருந்தனர். குனிந்தே நுழைய வேண்டிய தாழ்ந்த வாயில்கள் எதிரியின் வேகத்தைக் குறைத்தன. அடுத்தடுத்து வந்த பல சமூகத்தார் இங்கே குடியிருந்து, இடிந்ததைச் சீர்செய்து காத்ததால்தான் அது இத்தனை காலம் நிலைத்தது. யுனெஸ்கோ 2018ஆம் ஆண்டு இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அந்த அங்கீகாரம் இன்னும் பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: வரைபடத்தில் கென்யா, தான்சானியா எல்லை ஏரியிலிருந்து நேர்கோடாகத் தொடங்குகிறதே, அது எப்படி வந்தது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அந்தக் கோட்டை வரைந்தவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். 1886இல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இந்தியப் பெருங்கடலோரத்தில் உம்பா ஆற்று முகத்துவாரப் பகுதியில் தொடங்கி, கிளிமாஞ்சாரோ மலையைச் சுற்றி மட்டும் வளைந்து, விக்டோரியா ஏரியின் கிழக்குக் கரையில் தெற்கு அட்சரேகை 1 பாகை தொடும் இடம் வரை எல்லை வகுக்கப்பட்டது. 1890 ஒப்பந்தம் அதே அட்சரேகையை ஏரிக்குள்ளும் நீட்டியது. குரியா மக்களின் ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் அதனால் இரண்டாகப் பிரிந்தன. இன்று அவர்களில் ஒரு பகுதியினர் மிகோரியின் கெஹன்சா வட்டாரத்திலும், மற்றவர்கள் தான்சானியாவின் தாரிமே வட்டாரத்திலும் வாழ்கிறார்கள். மிகோரியில் பெரும்பான்மையினரான லுவோ மக்களுக்கும் எல்லைக்கு அப்பால் உறவினர்கள் உண்டு.

முதல் உலகப் போரில் இது போர்முனையானது. 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை எல்லை தாண்டி வந்து அண்டையிலுள்ள கிசியைப் பிடித்துச் சில நாட்களில் இழந்தது. போருக்குப் பின் இருபுறமும் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்தன. தாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி) 1961லும் கென்யா 1963லும் விடுதலை பெற்றபோது கோடு மீண்டும் சர்வதேச எல்லையாயிற்று. ஆப்பிரிக்க நாடுகள் 1964இல் கெய்ரோவில் கூடி, விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்பதென முடிவெடுத்ததால் அதுவே நிலைபெற்றது. ஆனாலும் தரைமீதுள்ள இந்தக் கோட்டோடு மக்கள் பெரும்பாலும் இணங்கி வாழக் கற்றுக்கொண்டார்கள். இசெபானியா சோதனைச் சாவடி வழியாக இரு நாட்டுச் சரக்குகளும் போய்வருகின்றன. திருமண உறவுகளும் தொடர்கின்றன.

கேள்வி: அப்படியானால் மிகிங்கோ தீவுக்காக மட்டும் ஏன் கென்யாவும் உகாண்டாவும் மோதிக்கொண்டன? (திருச்சி வாசகர்)

பதில்: மிகிங்கோ விக்டோரியா ஏரிக்குள் அரை ஏக்கர் அளவே உள்ள ஒரு பாறை. தகரக் கொட்டகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. உழுவதற்கு ஒரு சாண் மண்கூட இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள நீரில் நைல் பெர்ச் கிடைக்கிறது. நம் கடற்கரையில் பிடிபடும் கொடுவா மீனின் நெருங்கிய இனமான இந்தப் பெருமீனை 1950களிலும் அதன் பின்னும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள். அது அங்கேயே தோன்றிய சிறுமீன் இனங்களில் நூற்றுக்கணக்கானவற்றை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதோடு, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சரக்காகவும் ஆயிற்று. கரையோரத்தில் மீன் குறையக் குறையப் படகுகள் ஆழத்துக்குச் சென்றன. கென்யாவுக்கு ஏரியில் கிடைத்த பங்கு சுமார் 6 சதவீதம்தான். மற்றவை உகாண்டாவுக்கும் தான்சானியாவுக்கும் உரியவை. மிகோரியின் முஹுரு விரிகுடாவிலிருந்து புறப்படும் மீனவர் சிறிது தொலைவு சென்றாலே வேற்று நாட்டு நீரில் இருப்பார்.

1926ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆணை வகுத்த கோட்டின்படி மிகிங்கோ கென்யாவின் பக்கத்தில்தான் உள்ளது. 2009இல் உகாண்டா காவல்துறை அங்கே முகாமிட்டு மீனவர்களிடம் கட்டணம் வசூலித்தபோது பூசல் முற்றியது. பாறை கென்யாவுடையது, மீன் இருக்கும் நீர் உகாண்டாவுடையது என்று உகாண்டா அதிபர் முசெவேனி அந்த ஆண்டே கூறினார். அவருடைய இந்தக் கூற்றே உங்கள் கேள்விக்கு விடை தருகிறது. தரையில் வரைந்த கோட்டின் மீது மனிதர்கள் காலூன்றி நிற்கலாம், பேசித் தீர்க்கலாம்; நீரில் வரைந்த கோட்டை மீனும் அறியாது, வலை வீசுபவரின் கண்ணுக்கும் தெரியாது. பிடிபட்டால் படகும் எஞ்சினும் போய்விடும் என்ற அச்சம் மட்டும் அவருக்கு உண்டு. மூன்று நாடுகளும் கூட்டாக மீன்பிடி உரிமம் வழங்கும் ஏற்பாடு இல்லாமல் இது தீராது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு நடுவே ஏழை வீடுகளைத் தாங்குவது ஒமேனா என்னும் பொடிமீன். இரவில் விளக்கொளி காட்டி ஆண்கள் பிடித்துவரும் இதைப் பெண்கள் வாங்கி, வெயிலில் நெத்திலிக் கருவாடு போல உலர்த்தி விற்கிறார்கள்.

கேள்வி: அங்கே தங்கம் கிடைக்கிறதாமே? மக்கள் ஏன் இன்னும் ஏழைகளாக இருக்கிறார்கள்? (விருதுநகர் வாசகி)

பதில்: தங்கம் கிடைப்பது உண்மை. மிகோரியின் மகால்டரில் செம்பும் தங்கமும் எடுத்த பெரிய சுரங்கம் 1960களில் மூடப்பட்டது. அதன் தேவைக்காகக் குஜா ஆற்றில் கட்டப்பட்ட கோகோ நீர்மின் நிலையம் இன்றும் உள்ளது. இப்போது தோண்டுபவர்கள் பெரும்பாலும் சிறு குழுவினர். மழைக்காலத்தில் குழி சரிந்து உயிர்கள் போகின்றன. அரைத்த கல்தூளில் பாதரசம் சேர்த்துத் தங்கத்தைத் திரட்டி, பிறகு நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள். அந்த நச்சு முதலில் அவர்கள் நுரையீரலுக்கும், கழிவுநீரோடு சேர்ந்து ஆற்றுக்கும் போகிறது. 2016 சுரங்கச் சட்டம் சிறு சுரங்கத்தாரை முதன்முறையாகச் சட்டப்படி ஏற்றதுடன், உரிமத்தொகையில் (எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தும் ராயல்டி) 70 சதவீதம் மத்திய அரசுக்கும் 20 கவுண்டிக்கும் 10 உள்ளூர்ச் சமூகத்துக்கும் என வகுத்தது. ஆனால் கணக்கில் வராமல் இடைத்தரகரிடம் கைமாறும் தங்கத்துக்கு உரிமத்தொகை ஏது?

வேளாண்மையிலும் இதே சிக்கல்தான். மிகோரியின் அவெண்டோ ஊரிலுள்ள அரசுச் சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு பயிரிட்டவர்கள் நிலுவைத் தொகைக்காக நெடுங்காலம் காத்திருந்திருக்கிறார்கள். குரியா பகுதியில் புகையிலை பயிரிடுபவர்களோ விதையும் உரமும் நிறுவனத்திடமே கடனாகப் பெற்று அதற்கே விற்கக் கட்டுப்பட்டவர்கள். இலையைப் பதப்படுத்த மரங்களும் வெட்டப்படுகின்றன. ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு சிலர் புகையிலையை விட்டு இரும்புச்சத்து மிகுந்த பீன்ஸுக்கு மாறியிருக்கிறார்கள். இந்த மாற்றம் வெற்றிபெறக் காரணம், விளைச்சலை வாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பார் என்ற உறுதி முன்கூட்டியே தரப்பட்டதுதான். கரும்புக்கும் தங்கத்துக்கும் அப்படி ஓர் உறுதியை அரசு தர இயலும், தர வேண்டும்.